நான்காம் மேசைக்கு மேலே

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டை எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் ஒன்றுதான். போன கம்பெனியில் நான் எழுதிய புரோகிராமை இன்னொருத்தன் தன்னுடையது என்று காட்டிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டான். சண்டை போட்டபோது என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த முறை என்றைக்கு எதைச் செய்தேன் என்பது தேதியோடு என் கையெழுத்தில் இருக்கும்.

இடம், தூத்துக்குடியில் ஒரு இறால் ஏற்றுமதித் தொழிற்சாலை. வேலை, நிர்வாகத் தகவல் அமைப்பு. உள்ளே நடப்பதையெல்லாம் எண்ணாக மாற்றி ஒரே திரையில் கொண்டுவர வேண்டும், மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நான் வருவதற்கு முன் இங்கே முடிவெடுத்த விதம் இதுதான்: ஜி.எம். பர்னபாஸ் சார் ஹாலில் ஒரு சுற்று நடப்பார், நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், கடைசியாகச் சொன்னவர் சொன்னது நடக்கும்.

இன்று இரண்டு திரைகள் ஓடத் தொடங்கின. ஒன்று ஜி.எம். அறையில். இன்னொன்று பெண்கள் இறால் உரிக்கிற ஹாலில், எல்லா மேசையிலிருந்தும் தெரிகிற உயரத்தில். மணிக்கு எந்த மேசை எத்தனை கிலோ உரித்தது, குளிர் அறை எத்தனை டிகிரி, யார் வந்தார்கள், யார் வரவில்லை, காற்றில் அமோனியா எவ்வளவு. சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. கொச்சியில் உட்கார்ந்திருக்கும் எம்.டி.யின் போனிலும் இதே படம்.

அமோனியாதான் இங்கே இறாலை உறைய வைக்கிறது. குழாய்க்குள் ஓடும்வரை பிரச்சினை இல்லை. வெளியே வந்தால் கண், தொண்டை, நுரையீரல் என்று பார்க்காது. இதுவரை அதைக் கவனித்தது பிளான்ட் ஆபரேட்டர் மோத்தா. ஷிப்டுக்கு ஒருமுறை கந்தகக் குச்சியைக் கொளுத்தி, குழாய் குழாயாகக் காட்டிக்கொண்டு வருவார். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளையாகப் புகை எழும்புமாம். உணவு தயாராகும் ஹாலில் ஒரு ஆள் நெருப்போடு நடப்பதை, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். அதை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு இரண்டு சென்சார்கள்: கம்ப்ரசர் ரூமில் ஒன்று, ஹாலில் நான்காம் மேசைக்கு மேலே ஒன்று. நான் கேட்டது ஐந்து.

மோத்தா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "சிஸ்டம் தம்பி, இதுல கிரிக்கெட் வருமா?"

"வராது."

"பெறவு எதுக்கு இவ்ளோ பெருசு?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து வயது ஆள் பேசுகிற பேச்சா இது.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து தலைவலி. ஹாலில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. சென்சாரிலிருந்து எண் வராத நிமிடங்களில் திரையில் அந்தக் கட்டம் காலியாகத் தெரிகிறது. எம்.டி. கொச்சியிலிருந்து ஜி.எம்.மைக் கூப்பிட்டிருக்கிறார். ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா கிருபாகரன், பல்லு விழுந்த மாதிரி அங்கங்க ஓட்டையா தெரியுதுங்காரு. பையர் வந்து பாத்தா என்ன நெனப்பான்?"

எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரும்பக் காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். சிக்னல் திரும்பியதும் புது எண் வந்துவிடும். பதினைந்து நிமிட வேலை. இப்போது ஓட்டை இல்லை. ஜி.எம். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மார்ச் 8, சனி

வாராந்திரக் கழுவல். மாலை நான்கு மணிக்கு ஹாலைக் காலி செய்துவிட்டு, குளோரின் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி கூரை முதல் தரைவரை அடிக்கிறார்கள். சென்சார் பெட்டி மேலேயும் அடித்துவிட்டார்கள். ஏணி வைத்து ஏறி நானே துடைத்தேன். திரையில் அமோனியா 6.2 என்று காட்டியது. இருபத்தைந்தைத் தாண்டினால்தான் சிவப்பு. ஒன்றும் ஆகவில்லை.

கம்பூட்டில் தண்ணீர் புகுந்து காலுறை நாறுகிறது. ஊரிலிருந்து அம்மா போன். ராசிபுரத்தில் வெயில் தொடங்கிவிட்டதாம். சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று மூன்று முறை.

மார்ச் 11, செவ்வாய்

தரவரிசை தயார். மொத்தம் ஆறு மேசை, மேசைக்குப் பன்னிரண்டு பெண்கள். மற்ற ஐந்தும் மணிக்கு எழுபது கிலோவுக்குக் குறையாமல் உரிக்கின்றன. நான்காம் மேசை ஐம்பத்தெட்டு. நேற்று ஐம்பத்தாறு.

மேசையை விட்டு யார் எழுந்து போனாலும் காரணத்தை டேப்லெட்டில் அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஐந்து பட்டன்கள்: கழிப்பறை, தண்ணீர், உடல்நலம், சொந்தக் காரணம், மற்றவை. நான்காம் மேசையில் மட்டும் மூன்று நாளில் நாற்பத்தொரு 'மற்றவை'.

மேசையின் சூபர்வைசர் செல்வக்கனியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மொகம் கழுவப் போறாளுவ தம்பி. கண்ணு எரியுது. நீங்க கண்ணு எரிச்சல்னு ஒரு பட்டன் வைக்கலியே."

"குளோரின் தண்ணில கைய வெச்சுட்டுக் கண்ணக் கசக்குனா எரியத்தான் செய்யும்."

"பன்னெண்டு வருசமா குளோரின்லதான் கெடக்கோம். இது வேற நெடி."

"அக்கா, சென்சார் உங்க தலைக்கு மேலேயே இருக்குது. ஆறு புள்ளி ரெண்டு. பாருங்க, பச்சை."

அவர் திரும்பிப் பார்த்தார். "பச்சைதான்" என்றார். "ஒரு பட்டன் வைக்கதுக்கு என்ன தம்பி, கை வலிக்குமா?"

பட்டன் பட்டியலில் ஜி.எம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன் வைத்துக்கொண்டிருந்தால் அது டேப்லெட் இல்லை, ஹார்மோனியம்.

மார்ச் 13, வியாழன்

இந்த அமைப்பு எடுக்க வைத்த முதல் முடிவு. நான்காம் மேசையில் மிக மெதுவான நான்கு பேரை ஒன்றாம் மேசைக்கு மாற்றி, ஒன்றாம் மேசையின் மிக வேகமான நான்கு பேரை அங்கே உட்கார வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஜி.எம். அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு ஆளை மாற்றுவதற்கு ஒரு வாரம் பஞ்சாயத்து நடக்குமாம்.

வேகப் பட்டியலில் முதல் பெயர் லூர்துராணி. இருபத்திரண்டு வயது, கண்ணை மூடிக்கொண்டு உரிப்பாள் என்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும்போது என்னைப் பார்த்து, "டிவி சார், நல்லா வேல செஞ்சா தண்டனையா?" என்றாள்.

பதிலை எண்கள் சொல்லும்.

மார்ச் 17, திங்கள்

வினோதமான முடிவு. நான்காம் மேசை இன்றும் ஐம்பத்தேழு கிலோ. அங்கிருந்து போன மெதுவான நான்கு பேரும் ஒன்றாம் மேசையில் சராசரியைத் தொட்டுவிட்டார்கள். லூர்துராணியின் வேகம் முன்பிருந்ததில் முக்கால்வாசி.

ஊக்கக் குறைவு என்று எழுதியிருக்கிறேன். இடம் மாற்றியதில் கோபம் இருக்கும். இரண்டு வாரத்தில் சரியாகும்.

மார்ச் 18, செவ்வாய்

மோத்தா என் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான்காம் மேசைக்கு மேலே போகிற குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. கசியாமல் அடைத்துப் பிடிக்கிற அதன் பேக்கிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், பிளான்ட்டை ஒன்றரை நாள் நிறுத்த வேண்டும் என்றார். ஜி.எம்.மிடம் கேட்டிருக்கிறார். ஜி.எம். திரையைக் காட்டிவிட்டார்.

"நீங்க சொன்னாக் கேப்பாவ. நம்மகிட்ட டிவி இல்லல்லா."

"எதை வெச்சுச் சொல்றது? ரீடிங் ஆறு."

"வாரும், காட்டுதேன்."

மதியச் சாப்பாட்டு நேரம், ஹாலில் யாரும் இல்லை. சட்டைப் பையிலிருந்து கந்தகக் குச்சியை எடுத்தார். நிறுத்தச் சொல்லியும் பையில் வைத்திருக்கிறார். பெஞ்ச் மேல் ஏறி, கொளுத்தி, வால்வுப் பக்கம் கொண்டுபோனார். வெள்ளையாக ஒரு இழை கிளம்பியது. ஊதுபத்திப் புகை போல, ஆனால் அடர்த்தியாக.

"பாத்தியளா."

"கந்தகம் எரிஞ்சா புகைதான் வரும்."

"அந்தப் பக்கம் ஏன் வரல? இங்க மட்டும் ஏன் வருது?"

புகைக்கு எண் கிடையாது. எண் இல்லாததை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவது? சொன்னேன். அவர் குச்சியை ஐஸ் தொட்டியில் அணைத்துவிட்டு, "ஆறுன்னா ஆறு. நான் என்ன செய்ய" என்று போய்விட்டார்.

ஹாலில் நெருப்பு கொண்டுவந்ததை ஜி.எம்.மிடம் சொல்லவில்லை. போகட்டும்.

திரும்பி வந்து அரை மணி நேரம் கண் அரித்தது. லென்ஸை மாற்ற வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

பதினொன்று இருபதுக்கு நான்காம் மேசை மொத்தமும் எழுந்து வெளியே போய்விட்டது. செல்வக்கனிதான் கூட்டிப் போனது. அவர்களைப் பார்த்து மூன்றாம் மேசை, ஐந்தாம் மேசை. ஐந்து நிமிடத்தில் ஹால் காலி. மரத்தடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "உள்ள நிக்க முடியல" என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

நான் உள்ளே போனபோது கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன, காற்று ஓடிக்கொண்டிருந்தது. லேசான நெடி. திரையில் 6.2, பச்சை.

நாற்பது நிமிடம் ஐஸ் இல்லாமல் கிடந்த இறால் அறுநூற்று நாற்பது கிலோ. எதுவும் தேறாது.

மார்ச் 21, வெள்ளி

விசாரணை. ஜி.எம்., நான், செல்வக்கனி. கடந்த பத்து நாள் அமோனியா அளவை கிராஃபாகப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் நேராக, அழகாக இருந்தது.

ஜி.எம். கோபப்படுகிற ஆள் இல்லை. அதனாலேயே அவரிடம் யாராலும் சண்டை போட முடியாது. "செல்வக்கனி, ஒன்ன எனக்குப் பன்னெண்டு வருசமாத் தெரியும். மெசின் பொய் சொல்லுமா?"

"மெசினு பொய் சொல்லுமான்னு எனக்குத் தெரியாது சார். அதுக்குக் கண்ணு இல்ல, எரியாது. எங்களுக்கு இருக்கு."

"ஆறு புள்ளி ரெண்டுல யாருக்கும் எரியாதுன்னு தம்பி சொல்லுதாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் கிராஃபைப் பார்த்தேன்.

வேலையை விட்டு எடுக்க வேண்டாம், எச்சரிக்கை போதும் என்று ஜி.எம். முடிவெடுத்தார். இனி குழப்பம் வரக்கூடாது, ஒரு தெளிவான விதி வேண்டும் என்றார். நான்தான் டைப் செய்தேன்: 'திரையில் சிவப்பு நிறம் வந்தால் மட்டுமே பணியிடத்தை விட்டு வெளியேறுவோம். மீறினால் பணிநீக்கத்துக்குச் சம்மதிக்கிறோம்.' எழுபத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. லூர்துராணி என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூடியை மட்டும் திருப்பித் தந்தாள். சிரித்துவிட்டுப் பிறகு பேனாவையும் தந்தாள்.

வெளியே வரும்போது மோத்தா அந்த கிராஃபை வாங்கிப் பார்த்தார். "எங்க வீட்டுக் கரண்டு கூட இவ்ளோ நேரா வராது தம்பி" என்றார்.

குறை சொல்வதற்கென்றே பிறந்த ஆள்.

மார்ச் 24, திங்கள்

நான்காம் மேசை அறுபத்திரண்டு கிலோ. 'மற்றவை' ஒன்றுகூட இல்லை. விதி வேலை செய்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

மோத்தா சொன்னது காதிலேயே இருந்தது. அவர் வாயை அடைப்பதற்காகத்தான் பார்த்தேன்.

கம்ப்ரசர் ரூம் சென்சாரின் கோடு ஏறி இறங்குகிறது. 9, 7, 11, 8. ஹால் கோடு 6.2, 6.2, 6.2. தசமம்கூட மாறவில்லை. சென்சாரிலிருந்து நேராக வந்து விழுகிற மூலப் பதிவைத் திறந்தேன். ஹால் சென்சார் கடைசியாக எண் அனுப்பியது மார்ச் 8, மாலை 4.17. ஹோஸ் அடித்த நேரம். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பதினேழு நாள். திரை காட்டிக்கொண்டிருந்தது எல்லாம் செத்துப்போன சென்சாரின் கடைசி எண். அப்படிக் காட்டச் சொன்ன வரி என்னுடையது. இந்த நோட்டிலேயே இருக்கிறது, மார்ச் 5, பதினைந்து நிமிட வேலை.

அன்று நான் ஏணியில் ஏறித் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

கீழே போய் நான்காம் மேசை அருகே சும்மா நின்றேன். பத்து நிமிடத்தில் தொண்டை கமறியது. இருமலை அடக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

காலை ஒன்பது மணிக்கு இரண்டு காரியம் செய்தேன். எண் வராவிட்டால் கட்டம் சாம்பல் நிறமாகி 'தகவல் இல்லை' என்று காட்டும்படி மாற்றினேன். பிறகு ஜி.எம்.மிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். 'சென்சார் ஃபெயிலியர்' என்ற வார்த்தையைத்தான் அதிகம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "புது சென்சார் எப்ப வரும்?"

"மதுரைல இருக்குதுங்க சார். சனிக்கிழமை வந்துரும்."

"வெள்ளிக்கிழமை கண்டெய்னர். நாளைக்குப் பையரோட ஆளு வாரான். சனிக்கிழமை பிளான்ட்ட நிப்பாட்டுவோம். மோத்தா சொன்ன வால்வையும் பாத்துருவோம், ஒங்க சென்சாரையும் மாட்டிருவோம். சரியா?"

அவர் மேசையில் போன் அடித்தது. எம்.டி. இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது "ஆமா சார்", "இல்ல சார்", "இப்ப மாத்திருதோம் சார்" மட்டும்தான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாளுதானப்பா."

பழைய வரியைத் திரும்பப் போட்டேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை.

ஜி.எம். எழுத்தில் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மோத்தாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அந்த ஆள் யாரையும் கேட்காமல் பிளான்ட்டை நிறுத்திவிடுவார். கண்டெய்னர் போகாது. என் பெயர்தான் கெடும். எனக்கு இன்னும் பணி உறுதி ஆகவில்லை.

மார்ச் 27, வியாழன்

பையரின் ஆள் வந்தான். திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

கை கழுவுகிற இடத்தில் செல்வக்கனி பிடித்துக்கொண்டார். "தம்பி, காலைல இருந்து ஒரு மாதிரியா இருக்கு. டிவில ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா."

"சரி. நீங்க சொன்னாச் சரி."

திரையில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பொய் என்று சொல்ல முடியாது.

மார்ச் 28, வெள்ளி

கண்டெய்னர் பகல் ஒரு மணிக்கு. சென்சார் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டதாகக் கூரியர் செய்தி. நாளை எல்லாம் சரியாகிவிடும்.

மார்ச் 30, ஞாயிறு

எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு வால்வு பிய்த்துக்கொண்டது. நான் மேலே என் அறையில், கண்டெய்னருக்கான பெட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷர் குக்கர் போல ஒரு சத்தம், ஆனால் நிற்கவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபோது ஹால் தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது லோடிங் கதவுக்கு வெளியே நின்றது. கையில் லேப்டாப் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

மோத்தா ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கம்ப்ரசர் ரூமுக்குள் போய் மெயின் வால்வை அடைத்தார். பிறகு ஹாலுக்குள் போனார். மூன்று முறை போய் மூன்று பேரைத் தூக்கி வந்தார். நான்காம் முறை அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

நாற்பத்தாறு பேர் பெரியாஸ்பத்திரியில். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் நான்காம் மேசையில் ஆறு வருடமாக இருந்தவர், அந்தோணியம்மாள். இன்னொருத்தி லூர்துராணி.

லூர்துராணி ஒன்றாம் மேசையில் இருந்தவள்.

நேற்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். சிசிடிவி பதிவை நான்தான் ஓட்டிக் காட்டினேன். பதினொன்று நாற்பத்தாறுக்கு நான்காம் மேசையில் கைகள் நிற்கின்றன. ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். லூர்துராணி எழுந்து நிற்கிறாள். செல்வக்கனி அவள் தோளில் கையை வைத்து உட்கார வைக்கிறார். பிறகு திரும்பித் திரையைப் பார்க்கிறார். மற்ற பெண்கள் அவரைப் பார்க்கிறார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருமுகிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி பார்க்கிறார். நான்கு நிமிடம். பிறகு வெள்ளை.

"இந்தம்மா ஏன் அங்கேயே நிக்கிறாங்க?" என்று ஆய்வாளர் கேட்டார். "எதைப் பாக்கறாங்க?"

ஜி.எம். என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் கடிகாரம் இருக்கு சார்" என்றார்.

நான் பதிவை நிறுத்தி மூடினேன்.

மார்ச் 31, திங்கள்

காலை ஆறு மணிக்குப் போனில் அறிக்கை வந்தது. தினமும் தானாகப் போகும்படி நான் வைத்தது. தொழிற்சாலை மூடி சீல் வைத்தாகிவிட்டது. சர்வர் மட்டும் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் நிறுத்தவில்லை.

ஹால் அமோனியா: 6.2. நிலை: பச்சை.
நான்காம் மேசை வருகை: 0. வராதவர்கள்: 12. காரணம்: மற்றவை.

எனக்கு, ஜி.எம்.முக்கு, எம்.டி.க்கு, மூன்று பேருக்கும் போயிருக்கும்.

ஏழு மணிக்கு ஜி.எம். போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. அவரும் தூங்கியிருக்க மாட்டார். "கிருபாகரன், ஆய்வாளருக்கு ஒரு கிராஃப் வேணும். இந்த மாசத்து அமோனியா அளவு. அதான் தெளிவா இருக்குல்லா, கடைசி நிமிசம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, திடீர்னு ஒடஞ்சிருச்சுன்னு. பிரிண்ட் போட்டு ஒங்க கையெழுத்தோட குடுத்துருங்க. சிஸ்டம் ஒங்களுதுதான."

"சார், அது..."

"ஒங்க பணி உறுதி லெட்டர் எங்கிட்ட இருக்கு. எம்.டி. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு."

நான் கேட்டதுதான் அது. தேதியோடு, என் பெயரில், என் வேலைக்கு ஆதாரம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பிரிண்ட் எடுத்தேன். கோடு அன்று போலவே நேராக இருக்கிறது. ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டு வாசலில் மோத்தா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சு வரவில்லை, தொண்டை வெந்திருக்கிறது. என்னைப் பார்த்தார். எழுந்து வந்து அடிப்பார் என்று நினைத்தேன். காலை மடக்கிக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

செல்வக்கனிக்கு இரண்டு கண்ணும் கட்டியிருந்தது. வலது கண் தேறாது என்று நர்ஸ் சொன்னார். இடதைப் பற்றிச் சொல்ல முடியாதாம். பக்கத்தில் அவர் தங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"யாரு, டிவி தம்பியா?"

"ஆமாக்கா."

"சாப்ட்டியளா?"

"ம்."

அவர் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். இவ கிட்டக் கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கா. அன்னைக்கு எனக்குக் கண்ணு மறச்சிருச்சு, சரியாத் தெரியல. கடைசி வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு?"

"பச்சைதாங்க்கா."

"செவப்பு ஆகலல்லா?"

"ஆகல."

அவர் கை போர்வை மேல் தடவித் தடவி, என் கையைத் தேடியது போல் இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

"அப்ப நான் தப்பு பண்ணல" என்றார். "அந்தப் புள்ள எந்திரிச்சா தம்பி. நான்தான் உக்காரு, இன்னும் செவப்பு வரலன்னேன். கையெழுத்துப் போட்டுருக்கோம்லா. நீங்க சொன்ன மாதிரிதான் நின்னேன்."

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பத்து நாற்பது.

கிராஃபைப் பையில் வைத்திருக்கிறேன், அதையும் கொடுப்பேன். அது எப்படி நேராக வந்தது என்பதற்கு மூலப் பதிவை லேப்டாப்பிலிருந்து ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். கூட இந்த நோட்டு. ஆய்வாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று பக்க மூலைகளை மடித்தேன். மார்ச் 5. 8. 13. 18. 21. 25. 26.

27-ஐ மடிக்கவில்லை. டீ ஆறும்வரை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வரிதான்.

அதையும் மடித்தேன்.